சிதறால் மலைக்குக் குடும்பத்தோடு: நுழைவுச்சீட்டு இல்லாத சிற்பக்கூடத்தைப் பார்க்க ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போகலாம் என்று பேச்செடுத்தால் கடற்கரை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், அதோடு பட்டியல் முடிந்துவிடும். சிற்பம், ஓவியம், பழம்பொருள் என்றால், "அதுக்குத் திருவனந்தபுரம் மியூசியத்துக்குல்லா போவணும்" என்பார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டரில், சிதறால் மலைமேல், பாறையிலேயே செதுக்கிய ஒரு சமணச் சிற்பக்கூடம் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊர்க்காரர்களுக்கு அது மலைக்கோயில். பழைய கல்வெட்டுகளில் அதன் பெயர் திருச்சாரணத்துமலை.

அங்கே போய்விட்டு, "சும்மா நாலு சாமி சிலை, மேல நல்ல காத்து" என்று சொல்லித் திரும்புகிறவர்கள் நிறைய. குறை அவர்களிடம் இல்லை. பாறையில் இருப்பது யார், என்ன கதை என்று யாரும் சொல்லித் தராமல் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். இரண்டு கதையும் ஒரு அரை நாளும் கையில் இருந்தால் போதும், பார்வையே மாறிவிடும். முதல்முறை போகிறவர்களுக்காக, வீட்டிலிருந்து கிளம்புவது முதல் வரிசையாகச் சொல்கிறேன்.

நாளும் நேரமும்

அரை நாளை இதற்கு மட்டும் ஒதுக்குங்கள். காலையில் சிதறால், பத்து மணிக்குத் தொட்டிப்பாலம், பன்னிரண்டுக்குத் திற்பரப்பு, சாயங்காலம் கன்னியாகுமரி என்று திட்டம் போட்டால் எதுவும் மனதில் நிற்காது. அருவிக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் சிதறால் முதலில், அருவி அப்புறம். இதை மாற்றாதீர்கள். ஈரத் தலையோடு, குளித்த களைப்போடு, பசியோடு மலையேறும் பிள்ளை எந்தச் சிற்பத்தையும் பார்க்காது.

காலை எட்டரை, ஒன்பது மணிவாக்கில் அடிவாரத்தில் இருப்பது நல்லது. உச்சிவெயிலில் மேலே உள்ள வெறும் பாறை காலைச் சுடும். மாலையில் போவதானால் மூன்று மணிக்கு மேல் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு. ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் வந்தால் இரண்டு நாள் வெயிலடித்த பிறகு போங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ரொம்பத் தோது. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வேறு நாள் போனால் கூட்டம் குறைவு, பாறைக்கு முன்னால் நின்று பேச இடம் கிடைக்கும்.

போய்ச் சேருவது

நாகர்கோவிலிலிருந்து வருகிறவர்கள் வடசேரி பேருந்து நிலையத்தில் மார்த்தாண்டம் வண்டி ஏறலாம். ரயில் என்றால் குழித்துறை. மார்த்தாண்டத்திலிருந்து சிதறாலுக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இருக்காது. வந்து இறங்கியதுமே திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேராகப் போனால் மார்த்தாண்டத்திலிருந்து ஆட்டோவே நல்லது. ஏறும் முன் வாடகையைப் பேசிவிடுங்கள், திரும்பக் கூட்டிப்போவதையும் சேர்த்து. ஓட்டுநரிடம் வெறுமனே "சிதறால்" என்று சொல்லாமல் "சிதறால் மலைக்கோயில்" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஊருக்குள்ளே இறக்கிவிடுவார்.

பைக்குள் என்ன வைப்பது? ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். மேலே கடை கிடையாது. மார்த்தாண்டத்திலேயே ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள், நடந்த பசிக்கு அதைவிட நல்லது இல்லை. தோலை மட்டும் பையிலேயே திரும்பக் கொண்டுவர வேண்டும். தொப்பி, ஒரு சின்னத் துண்டு. பிள்ளைகளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும். கைபேசியில் நல்ல டார்ச் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். கழிப்பறை வேலையை மார்த்தாண்டத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது எல்லாருக்கும் நிம்மதி.

ஏறும்போது

பாதை கல் பாவியது, பெரும்பாலும் மெல்லிய ஏற்றம்தான். இருபுறமும் மரங்கள் உண்டு, இடையிடையே உட்காரக் கல்லிருக்கைகளும் போட்டிருக்கிறார்கள். நடக்கத் தெரிந்த குழந்தைகள் தாமாகவே ஏறிவிடும். முழங்கால் வலி உள்ள பாட்டிமார் மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம், ஆனால் சக்கர நாற்காலியோ குழந்தை தள்ளுவண்டியோ மேலே வராது. கைக்குழந்தையைத் தோளிலோ துணித்தூளியிலோ கட்டிக்கொள்வதுதான் வழி. "நான் இங்கேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று பாட்டா பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கூட ஒருவர் இருங்கள், இரண்டு அணியாக மாறி மாறிப் போகலாம். டிக்கெட் இல்லாத இடத்தில் இது ஒரு பெரிய வசதி: வந்து பார்க்கலாம், இறங்கலாம், மறுபடி ஏறலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த ஏற்றத்தில்தான் கதை சொல்ல வேண்டும். மேலே போனபிறகு சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் கேட்காது, பாறையில் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு கதை போதும் என்றேன் இல்லையா, அவை இவை.

முதல் கதை பார்சுவநாதருடையது. சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களில், அதாவது வழிகாட்டிய ஞானிகளில் ஒருவர். அவர் இளவரசராக இருந்தபோது ஒரு தவசி தீ வளர்த்துக்கொண்டிருந்தான். எரியும் கட்டைக்குள் இரண்டு பாம்புகள் இருப்பதை இவர் கண்டு, கட்டையைப் பிளந்து காட்டினார். பாம்புகள் வெந்து சாகும் நிலையில் இருந்தன. அவற்றுக்கு நல்ல வார்த்தை சொல்லி அமைதியாக உயிர் பிரியச் செய்தார். அவை அடுத்த பிறவியில் தரணேந்திரன், பத்மாவதி என்ற தெய்வங்களாகப் பிறந்தன. பல காலம் கழித்து இவர் துறவியாகித் தவத்தில் நின்றபோது பழைய பகைவன் வந்து பேய்மழையும் பாறையுமாகக் கொட்டினான். அப்போது தரணேந்திரன் படம் விரித்துத் தலைக்குமேல் பிடித்தான், பத்மாவதி பக்கத்தில் நின்று காத்தாள். பாம்புப்படத்தின் கீழே அசையாமல் நிற்கும் ஒருவரைப் பாறையில் கண்டுபிடிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது அம்பிகை கதை. வீட்டில் திதிக்குச் சமைத்து வைத்த சோற்றை, பசியோடு வந்த ஒரு சமணத் துறவிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள் ஒரு பெண். கணவனுக்குக் கோபம். இரண்டு ஆண் பிள்ளைகளோடு அவளை வெளியே துரத்திவிட்டான். மலைக்குப் போன இடத்தில் பிள்ளைகள் பசியால் அழ, காய்க்கும் காலமே இல்லாத மாமரம் பழுத்துக் கொடுத்தது. பிறகு கணவன் மனம் மாறித் தேடி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்து அவள் மலையிலிருந்து குதித்துவிட்டாள். யட்சியாக, அதாவது சமணர்களின் காவல் தெய்வமாகப் பிறந்தாள். கணவன் அவளைச் சுமக்கும் சிங்கமாகப் பிறந்தான். இந்தக் கதையைச் சொல்லிவிட்டால் "சிங்கம் எங்கே, ரெண்டு பிள்ளைகளும் எங்கே" என்று தேடுவதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சாவைச் சொல்ல மனமில்லையென்றால் மாம்பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய பெண்பிள்ளைகள் இருந்தால் முழுவதும் சொல்லுங்கள். அவர்களுக்குக் கேட்கக் கேள்விகள் இருக்கும்.

பாறைக்கு முன்னால்

மேலே சேர்ந்ததும் பாறைகளுக்கு இடையே ஒடுங்கிய வழியொன்று வரும். அதைத் தாண்டி உள்ளே வந்தால், முன்னுக்குச் சாய்ந்து நிற்கும் பெரும்பாறையும் அதன் முகத்தில் வரிசையாகச் செதுக்கிய உருவங்களும். செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுங்கள். ஐந்து நிமிடம் போகட்டும். அப்புறம் நீங்கள் ஒரே ஒரு சிற்பத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். நீங்கள் நகராமல் நின்றால் அவர்களாகவே வந்து சேருவார்கள்.

பாறையில் சின்னச் சின்ன மாடங்களாக, சம்மணமிட்டு உட்கார்ந்த தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். தலைக்குமேலே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை. பெரும்பாலான பிள்ளைகள் "புத்தர்" என்பார்கள். தப்பு என்று வெட்டிச் சொல்லாமல், முக்குடையை எண்ணச் சொல்லுங்கள், உடம்பில் துணி மடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புத்தர் சிலையில் தோளில் ஆடையின் விளிம்பு தெரியும். இங்கே தெரியாது. அதைக் கொண்டே இது சமணம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நின்ற உருவத்தின் முன்னால் கட்டாயம் ஒரு சிரிப்பு வரும். என் தங்கை மகன் எல்லாருக்கும் கேட்கும்படி, "மாமா, இவரு ஏன் ஒண்ணும் உடுக்காம நிக்காரு?" என்றான். பக்கத்தில் நின்ற குடும்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீடு, பணம், சொந்தம் எல்லாவற்றையும் விட்டவர் கடைசியாக உடுத்தியிருந்ததையும் விட்டுவிட்டார் மக்களே, தனக்கென்று ஒரு துணிகூட வேண்டாம் என்று நின்றவர் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குளிராதா?" என்றான். அதட்டி வாயை மூடாமல் நேராகப் பதில் சொல்லிவிட்டால் போதும். அந்தச் சிரிப்பிலிருந்து நல்ல கேள்விகள் வரும்.

பாம்புப்படத்தின் கீழ் நிற்பவர் பார்சுவநாதர். பக்கத்திலேயே பத்மாவதியும் உண்டு. அம்பிகையின் சிற்பத்தைக் கொஞ்சம் அருகே போய், ஆனால் கை படாமல் பாருங்கள். பின்னால் சிங்கம். கூடவே குழந்தைகள், பணிப்பெண். ஒரே கல்லில் பெரிய உருவத்தின் மிதப்பும் சின்ன உருவங்களின் நெருக்கமும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை அஞ்சு நிமிடம் பார்த்தால்தான் தெரியும். பிள்ளைகளை நோட்டில் வரையச் சொல்ல இதுதான் இடம். ஓவியம் நன்றாக வர வேண்டும் என்றில்லை. வரைகிற பிள்ளை ஒரு விரலை எத்தனை தடவை பார்க்கிறது என்று கவனியுங்கள், அந்தப் பார்வைக்காகத்தான் வரையச் சொல்வது.

இப்போது டார்ச். சிற்பங்களுக்குக் கீழே சில இடங்களில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. நேரே வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. பாறையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில், சாய்வாக டார்ச்சைப் பிடியுங்கள். வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்துகள் மேலே எழும்பி வரும். பிள்ளைகள் இதைப் பார்த்து வாய்பிளப்பார்கள். எழுத்தைப் படிக்க முடியாது, ஆனால் இது நம் தமிழ்தான், வேறு வடிவத்தில் எழுதியது என்று சொல்லலாம். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புப்பொடி பூசுவதும், தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பதும் கூடவே கூடாது.

அந்தக் கல்வெட்டுகளில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் அச்சணந்தி என்ற சமண முனிவர். மதுரைப் பக்கம் ஆனைமலையிலும் அழகர்மலையிலும் பாறைச் சிற்பங்களுக்குக் கீழே இருக்கும் அதே பெயர் இங்கேயும் இருக்கிறது. மற்றவர் ஒரு பெண், குணந்தாங்கிக் குரத்திகள் (குரத்தி என்றால் சமணப் பெண் ஆசிரியர்), அரிட்டநேமி படாரர் என்ற முனிவரின் மாணவி. இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் இந்த மலையின் தேவிக்குப் பொன்னணி கொடுத்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு நம் மலைநாட்டில் ஒரு பெண் ஆசிரியர் இருந்தார், தன் கையால் கொடை கொடுத்தார், அது அவர் பெயரிலேயே கல்லில் இருக்கிறது. நான் யாரைக் கூட்டிப்போனாலும் இந்த ஒன்றைச் சொல்லாமல் இறங்குவதில்லை.

பாறைக்குள் குடைந்த குகையில் மூன்று கருவறைகள். மகாவீரருக்கு ஒன்று, பார்சுவநாதருக்கு ஒன்று, தேவிக்கு ஒன்று. 13-ஆம் நூற்றாண்டில் இது பகவதி கோயிலாகிவிட்டது. முன்னால் உள்ள மண்டபம் பிற்காலத்தில் கட்டியது. பாறையின் உச்சியில் சிதைந்த விமானம் ஒன்றும் நிற்கிறது. ஒரு மதத்தார் விட்ட இடத்தை இன்னொரு மதத்தார் கும்பிட்டு வந்ததால்தான் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பார்த்து முடித்தபிறகு பழம் சாப்பிட, காற்று வாங்க, வெளியே பாறையில் உட்காரலாம். கீழே தென்னையும் ரப்பருமாகப் பச்சை, இடையே ஆறு, தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை. பக்கத்திலேயே சுனை உண்டு, விளிம்புகளுக்குக் கைப்பிடிச் சுவர் எல்லா இடத்திலும் இல்லை. சின்னப் பிள்ளைகளின் கையைப் பெரியவர்கள் ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தொடாதே என்பதை எப்படிச் சொல்வது

கல்தானே, தொட்டால் என்ன என்று பெரியவர்களே கேட்பார்கள். ஒருவர் தொட்டால் ஒன்றுமில்லை. ஆயிரம் பேர் கையின் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் மூக்கும் விரலும்தான் முதலில் மழுங்கும். பெயரைக் கிறுக்குவது, சாவியால் கீறுவது குற்றம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிள்ளைகளிடம் சட்டம் பேச வேண்டாம். அம்பிகையின் பக்கத்தில் நிற்கும் குழந்தைகளைக் காட்டி, "இதுங்க மூஞ்சி தேயாம இன்னும் ஆயிரம் வருஷம் இருக்கணும்" என்றால் புரிந்துகொள்ளும். கைபேசியில் படம் எடுப்பதற்குத் தடையில்லை. சிற்பத்தின்மேல் சாய்ந்து நின்று மட்டும் எடுக்காதீர்கள்.

அடுத்து எங்கே

சிதறால் பிடித்துப்போனால் அடுத்த நடை நாகர்கோவில் நாகராஜா கோயில். நகரத்தின் நடுவிலேயே இருப்பதால் தனியாகத் திட்டம் போட வேண்டியதே இல்லை. ஓலை வேய்ந்த கருவறையைப் பார்க்கத்தான் எல்லாரும் போவார்கள். நீங்கள் மண்டபத் தூண்களைப் பாருங்கள். பாம்புப்படத்தின் கீழே நிற்பவரைப் பிள்ளைகள் இந்நேரம் தாமே அடையாளம் காட்டிவிடும். மகாவீரரும் பத்மாவதியும் அங்கே உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணர்கள் இந்தக் கோயிலில் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆவணி ஞாயிறுகளில் மட்டும் போகாதீர்கள். பால் ஊற்ற வரும் கூட்டத்தில் தூண் அருகே நிற்கவே முடியாது.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குத் தனியாக ஒரு காலை வேண்டும். பொதுத் தரிசனத்துக்குக் காசு இல்லை. ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், நடை உச்சிப்பொழுதில் சாத்திவிடுவார்கள் என்பதால் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். விளக்கேந்திய பாவைகள் வரிசையாக நிற்கும் பிரகாரத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றுங்கள். பெண் உருவத்துப் பிள்ளையார் ஒரு தூணில் இருக்கிறார், அதைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லலாம். ஒரே கல்லில் கடைந்த இசைத்தூண்களைத் தட்டிக் காட்டச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். தட்டித் தட்டித்தான் அவை தேய்கின்றன.

குலசேகரம் பக்கம் போகிறவர்கள் திருநந்திக்கரைக் குடைவரையில் இறங்கிப் பார்க்கலாம். சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடி ஓடிக் கும்பிடும் சிவாலய ஓட்டத்தின் 12 கோயில்களில் நான்காவதான நந்தீசுவரர் கோயிலை அடுத்து அந்தக் குடைவரை இருக்கிறது. உள்ளே 9-ஆம் நூற்றாண்டு ஓவியத்தின் மிச்சம், மங்கிய கோடுகளாக. அங்கே டார்ச் வேண்டாம், வண்ணம் கல்லைப்போல் தாங்காது. கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்தால் கோடுகள் தெரியும். முதலாம் ராஜராஜனின் ஐப்பசிச் சதயப் பிறந்தநாளைக் கொண்டாட முட்டம் என்ற ஊரையே இந்தக் கோயிலுக்குக் கொடுத்த கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது.

மழை நாளில் கூரைக்கு அடியில் பார்க்க வேண்டும் என்றால் கன்னியாகுமரிக்குப் போங்கள். காந்தி மண்டபத்துக்கும், பக்கத்தில் காமராஜரின் பழைய படங்கள் வைத்திருக்கும் மணிமண்டபத்துக்கும் கட்டணம் இல்லை. அரசு அருங்காட்சியகத்தில் சொற்பக் கட்டணம் உண்டு, தேர்ச் சிற்பங்களுக்காகவே கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. பத்மநாபபுரம் அரண்மனைக்கும் சீட்டு வாங்க வேண்டும், அது திங்கட்கிழமை மூடியிருக்கும்.